தீக்காயக் கட்டு: போடுவதும் பிரிப்பதும் பராமரிப்பதும் (முழுமையான வழிகாட்டி)

கொதிக்கும் சாம்பாரோ வடிகஞ்சியோ கையில் கொட்டிவிட்ட ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றால், காயத்தைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, இரண்டு நாள் கழித்து வந்து காட்டச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த இரண்டு நாளும், அதன் பின் வரும் இரண்டு மூன்று வாரங்களும் வீட்டில் இருப்பவர்களின் பொறுப்பு. தீக்காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் வெளிநோயாளியாகவே குணமடைகிறார்கள் என்பதால், கட்டைப் பராமரிக்கவும் மாற்றவும் குடும்பத்தில் ஒருவராவது முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தக் களிம்பைப் பூசினோம் என்பதைக் காட்டிலும், புதிதாக முளைத்த தோலைப் பிய்க்காமல் பழைய கட்டைப் பிரித்தோமா, மூட்டு மடங்கிக் கிடக்காதபடி கட்டினோமா என்ற இரண்டும்தான் சாதாரணத் தீக்காயத்தில் தழும்பையும் மூட்டின் அசைவையும் பெருமளவுக்குத் தீர்மானிக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி மருந்துப் பெயர்களைவிடக் கைவேலைக்கே அதிக இடம் தருகிறது. மருத்துவர் ஒருமுறை காயத்தைப் பார்த்து, வீட்டிலிருந்தபடியே கவனித்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களுக்காக எழுதப்பட்டது இது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத காயங்கள்

நோயாளியின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவருடைய உடல் பரப்பில் ஏறத்தாழ 1 சதவீதம். இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது, வெறும் சிவப்பை விட்டுவிட்டு, கொப்புளம் எழுந்த அல்லது தோல் உரிந்த பகுதி மட்டுமே பெரியவர்களுக்குப் பத்து உள்ளங்கைக்கு மேலும் குழந்தைகளுக்கு ஐந்து உள்ளங்கைக்கு மேலும் இருந்தால், உள்நோயாளியாகச் சேர்த்தே ஆக வேண்டும். உடலின் நீர்ச்சத்து அந்தப் பரப்பின் வழியே கசிந்துகொண்டே இருப்பதால் சிரை வழியாகத் திரவம் ஏற்ற வேண்டி வரும். பரப்பு சிறிதானாலும், முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, பெரிய மூட்டுகள் ஆகியவற்றில் பட்ட காயத்தையும், கையையோ காலையோ வளையம்போலச் சுற்றிப் பட்ட காயத்தையும், மின்சாரத்தாலும் அமிலத்தாலும் ஏற்பட்ட காயத்தையும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மின்சாரக் காயம் தோலில் ஒரு சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே தசையையும் இதயத் துடிப்பையும் பாதித்திருக்கக்கூடும். மூடிய அறையில் புகைக்குள் சிக்கியவருக்குக் குரல் கம்மினாலோ, மூக்கின் முடி கருகியிருந்தாலோ, மூச்சுக்குழாய் வீங்கி அடைபடும் ஆபத்து இருப்பதால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கைக்குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்குச் சிறு காயத்தையும் பெரிதாகவே எண்ணுவது நல்லது. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப்பிரிவு நெடுங்காலமாக இயங்குகிறது. மற்ற ஊர்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம்.

முதல் மணி நேரம்

குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் சாதாரணத் தண்ணீரில் முழுமையாக 20 நிமிடம் காயத்தைக் காட்ட வேண்டும். சுட்ட உடனே செய்வது சிறந்தது. ஆனால், மூன்று மணி நேரத்துக்குள் எப்போது செய்தாலும் பலன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைத்திருக்கும் தோலையும் சாகடிக்கும். குழந்தைகளுக்குக் காயத்தை மட்டும் நனைத்து, மற்ற உடலைப் போர்த்திக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, காயம் இடுப்புப் பக்கம் இருந்தால் அரைஞாண் ஆகியவற்றை வீக்கம் ஏறுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். இந்த ஒன்றை மறந்ததால் மோதிரத்தை வெட்டி எடுக்க வேண்டிய நிலை பலருக்கு வருகிறது. தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

பிறகு மருத்துவமனைக்குப் போகும்வரை சமையலறையில் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றுத்தாளைச் சுற்றிக் கட்டாமல் காயத்தின் மேல் நீளவாக்கில் படரவிட்டாலே போதும். அது கிடைக்காவிட்டால் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி போதும். பேனா மை, சொட்டு நீலம், பற்பசை, காபித்தூள், தோசை மாவு, மஞ்சள், முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றில் எதையும் தடவக் கூடாது. அவை கிருமியைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு, காயத்தின் நிறத்தையும் மறைத்துவிடுகின்றன. மருத்துவர் ஆழத்தைக் கணிப்பது அந்த நிறத்தைப் பார்த்துத்தான் என்பதால், மை தடவிய கையைத் தேய்த்துக் கழுவிய பிறகே அவரால் வேலையைத் தொடங்க முடியும். தேய்த்துக் கழுவும் அந்த வலியும் நோயாளிக்குத்தான்.

காயத்தின் ஆழத்தை அறிதல்

மேல்தோல் மட்டும் சிவந்து எரிந்தால் கட்டு தேவைப்படாது. ஒரு வாரத்தில் ஆறிவிடும். கொப்புளம் எழுந்து, அது உடைந்த இடம் இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருந்து, காற்றுப் பட்டாலே கடுமையாக வலித்து, விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால் வெளுத்து உடனே மீண்டும் சிவந்தால், உட்தோலின் மேற்பகுதி மட்டுமே வெந்திருக்கிறது என்று பொருள். இது நன்றாகப் பராமரித்தால் இரண்டு வாரத்துக்குள் பெரிய தழும்பின்றி ஆறும். திட்டுத் திட்டாக வெளுத்தும் அடர்சிவப்பாகவும் தோன்றி, அழுத்தினால் நிறம் மாறாமல், வலியும் மந்தமாக இருந்தால் காயம் ஆழமானது. வெள்ளையாகவோ பழுப்பாகவோ கருகியோ, பதனிட்ட தோல்போல விறைத்து, தொட்டால் உணர்வே இல்லாமல் இருந்தால் தோலின் முழுக் கனமும் வெந்துவிட்டது. அது தானாக ஆறாது, தோல் ஒட்டு அறுவை சிகிச்சை தேவைப்படும். வலி இல்லை என்பதால் காயம் லேசானது என்று ஆறுதல் கொள்வதைப் போன்ற ஆபத்தான எண்ணம் வேறில்லை.

முதல் நாள் பார்த்த ஆழமே இறுதியானதும் இல்லை. பர்மிங்காமில் பணியாற்றிய ஜாக்சன் என்ற அறுவை மருத்துவர் 1953இல் விளக்கியபடி, தீக்காயத்தின் நடுவில் இறந்துவிட்ட பகுதியும், அதைச் சுற்றி இரத்த ஓட்டம் தேங்கி உயிருக்குப் போராடும் பகுதியும், அதற்கும் வெளியே சிவந்து வீங்கிய பகுதியும் இருக்கின்றன. போராடும் அந்த இடைப்பகுதி காய்ந்தாலோ, கிருமி புகுந்தாலோ, கட்டு இறுகினாலோ இறந்து, காயம் ஆழமாகிவிடும். ஈரப்பதத்தோடு பாதுகாக்கப்பட்டால் பிழைத்துக்கொள்ளும். முதல் மறுபரிசோதனையை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் வைப்பது இதனால்தான். அந்த நாளைத் தவறவிடக் கூடாது.

எதை வைத்து மூடுவது

காயத்தைக் காற்றாட விட்டால் சீக்கிரம் காயும் என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. காய்வதும் ஆறுவதும் வேறு வேறு. ஜார்ஜ் வின்டர் என்பவர் 1962இல் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், மெல்லிய படலத்தால் மூடி ஈரமாக வைத்த காயங்களின் மேல், திறந்து காயவிட்ட காயங்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. பக்குக் கட்டிய காயத்தில் புதுச் செல்கள் அந்தக் காய்ந்த பொருக்குக்கு அடியில் குடைந்துகொண்டு நகர வேண்டியிருக்கிறது. ஈரமான காயத்தில் மேற்பரப்பிலேயே வழுக்கிச் செல்கின்றன.

நல்ல கட்டுக்கு மூன்று அடுக்குகள் உண்டு. காயத்தைத் தொடும் முதல் அடுக்கு ஒட்டாததாக இருக்க வேண்டும்: பாரஃபின் தடவிய வலைத்துணி இதற்கு எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. கசிவை உறிஞ்சும் இரண்டாம் அடுக்காகப் பல மடிப்புக் காஜ் துணியோ, பஞ்சு வைத்துத் தைத்த பட்டையோ பயன்படும். இவற்றை நகராமல் பிடித்துவைக்கும் ரோலர் பேண்டேஜ் மூன்றாம் அடுக்கு. பஞ்சை நேரடியாகக் காயத்தில் வைக்கவே கூடாது. அதன் இழைகள் புண்ணில் பதிந்துவிடும். உலர்ந்த காஜ் துணியை நேரடியாக வைப்பதும் ஏறக்குறைய அதே தவறுதான்.

நம் மருந்துக் கடைகளில் தீப்புண் என்று சொன்னதும் எடுத்துத் தரப்படும் வெள்ளைக் களிம்பு சில்வர் சல்ஃபாடயசின். 1968இல் அறிமுகமான இந்த மருந்து கிருமிகளைக் கட்டுப்படுத்துவதில் பேருதவி செய்தது உண்மை. ஆனால், மேலோட்டமான காயத்தில் இது புதுத் தோல் வளர்வதைத் தாமதப்படுத்துகிறது என்றும், காயத்தின் மேல் வெளிர்நிறப் படலமாகப் படிந்து ஆழத்தைக் கணிக்கவிடாமல் செய்கிறது என்றும் பின்னர் தெரிந்தது. இதைப் பூசினால் தினமும் கட்டை மாற்றி, பழைய களிம்பை முற்றிலும் கழுவிய பிறகே புதிதாகப் பூச வேண்டும்; ஒவ்வொரு மாற்றமும் ஒரு வேதனை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கும், பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது. மருத்துவர் எழுதித் தந்தால் அவர் சொன்னபடி பூசலாம். கடைக்காரர் தந்தார் என்பதற்காகப் பூச வேண்டாம்.

சுத்தமான, மேலோட்டமான காயத்துக்கு மருத்துவமனைகளில் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன தாளை ஒட்டுவது இப்போது பரவலாகியிருக்கிறது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கொலாஜன் உறைகளில் பல ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறது. ஒட்டிய தாள் காய்ந்து கண்ணாடித்தாள்போல ஆகும். வீட்டில் அதை உரிக்க முயலக் கூடாது. அடியில் தோல் வளர வளர ஓரங்கள் தாமே தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரத்தை மட்டும் கத்தரிக்கலாம். அடியில் நீர் கோத்துத் தளும்பினாலோ மஞ்சளாகத் தெரிந்தாலோ உடனே காட்ட வேண்டும். வெள்ளி கலந்த நவீன உறைகளைப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாள் வரை மாற்றாமல் வைத்திருக்கலாம். விலை கூடுதலென்றாலும், வலியும் மருத்துவமனைக்கு அலைவதும் குறைகின்றன.

வாழையிலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மும்பை மருத்துவர்கள் வாழையிலையைக் காயத்தின் மேல் உறையாக வைத்துக் கட்டி, வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாழையிலை தயாரிக்க எளிதாகவும் மலிவாகவும் இருந்தது, காயத்தில் ஒட்டாமல் எடுக்கவும் வந்தது. ஆனால், அந்த இலைகள் மருத்துவமனையில் கிருமிநீக்கம் செய்யப்பட்டவை. தோட்டத்தில் அறுத்த இலையை அப்படியே புண்ணில் வைப்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது.

கட்டு மாற்றும் நாள்

மருத்துவர் சொன்ன இடைவெளியில் மட்டும் கட்டை மாற்றினால் போதும். ஆர்வத்தில் அடிக்கடி பிரித்துப் பார்ப்பது காயத்தைக் குளிரவைத்து ஆறுவதைத் தள்ளிப்போடும். கசிவு வெளித்துணி வரை ஊறிவிட்டாலோ, கட்டு நனைந்தாலோ, நழுவினாலோ மட்டும் முன்னதாக மாற்றலாம்.

வலி மாத்திரையை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலோருக்குப் பாராசிட்டமால் போதும், குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்தி, துடைத்த மேசையில் தேவையானவை அனைத்தையும் பிரித்து வைத்த பிறகே காயத்தைத் தொட வேண்டும்: மருந்துக் கடையில் வாங்கிய சலைன் அல்லது கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர், வலைத்துணி, காஜ், பேண்டேஜ், டேப், கத்தரிக்கோல், கழிவுக்கு ஒரு பை. கைகளை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை அணிந்து பழைய கட்டைப் பிரித்ததும் அந்தக் கையுறையைக் கழற்றிப் போட்டு, மீண்டும் கை கழுவிப் புதியதை அணிந்த பிறகே புதுக் கட்டைத் தொட வேண்டும்.

பிரிக்கும்போது பேண்டேஜை வெட்டாமல் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, உறிஞ்சும் பட்டையை எடுத்தபின், காயத்தோடு இருக்கும் கடைசி அடுக்கில் கையை நிறுத்த வேண்டும். இங்கே அவசரமே கூடாது. அது ஒட்டியிருந்தால் மேலே சலைனைத் தாராளமாக ஊற்றி, பத்து நிமிடமோ கால் மணி நேரமோ ஊறவிட வேண்டும். பிறகு ஒரு ஓரத்தைப் பிடித்து மேல்நோக்கித் தூக்காமல், காயத்துக்கு இணையாகத் தாழ்வாக மடக்கி இழுத்தபடி, மற்றொரு கையால் அருகிலுள்ள நல்ல தோலை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அடியில் முத்து முத்தாக இரத்தம் துளிர்த்தால் புதுத் தோல் பிய்கிறது என்று பொருள். அந்த இடத்தில் நிறுத்தி, இன்னும் நனைத்துக் காத்திருக்க வேண்டும். என்ன செய்தும் வராத சிறு பகுதியைச் சுற்றிலும் கத்தரித்துவிட்டு அதன்மேலேயே புதுக் கட்டைப் போடலாம். அடுத்த முறை தானே கழன்று வரும். ஒரே இழுப்பில் வெடுக்கென்று பிரித்தால் வலி குறைவு என்று சொல்பவர்கள் நோயாளியின் நான்கு நாள் வளர்ச்சியை ஒரு நொடியில் பறித்துவிடுகிறார்கள்.

குழந்தையாக இருந்தால், நனைந்த துணியின் ஒரு ஓரத்தை அதன் கையிலேயே கொடுத்து மெல்ல இழுக்கச் சொல்லலாம். தன் கையில் கட்டுப்பாடு இருக்கும்போது குழந்தை குறைவாகவே பயப்படுகிறது. தாயின் மடியில் அமர்த்திச் செய்வது, நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிப்பதைவிட விரைவாகவும் முடியும்.

காயத்தைச் சலைனால் மென்மையாகக் கழுவி, தேய்க்காமல் காஜால் ஒற்றி எடுக்க வேண்டும். டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். அவை கிருமியோடு புதுச் செல்களையும் அழிக்கும். சிறிய, இறுக்கமான கொப்புளங்களை உடைக்காமல் விடலாம். பெரியவற்றையும் மூட்டின் மேல் இருப்பவற்றையும் மருத்துவமனையில் சுத்தமாக நீக்கிவிடுவார்கள். சட்டைப்பையில் இருக்கும் ஊசியால் குத்துவது தகாது. கழுவியபின் நல்ல வெளிச்சத்தில் ஒரு புகைப்படம் எடுத்துவைப்பது பயனுள்ளது. போன முறையைவிடக் காயம் சுருங்கியிருக்கிறதா என்று நினைவை வைத்துச் சொல்வது கடினம்.

பிறகு வலைத்துணியைக் காயத்தின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வருமாறு சுருக்கமின்றிப் படியவைத்து, உறிஞ்சும் பட்டையை வைத்து, பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து உடல் பக்கமாக, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். மேலிருந்து கீழாகச் சுற்றினால் கை வீங்கும். சுற்றியபின் ஒரு விரல் உள்ளே நுழைய இடம் இருக்க வேண்டும். விரல் நுனிகளை எப்போதும் வெளியே விட்டு, நகத்தை அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். நுனி நீலமானாலோ, குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ இரவு எந்நேரமானாலும் கட்டைத் தளர்த்திவிட வேண்டும்.

விரல், மூட்டு, முகம்

கையைச் சுட்டுக்கொண்டவருக்கு ஐந்து விரலையும் ஒரே பந்தாகச் சுற்றிக் கட்டுவது மிகப் பெரிய தீங்கு. பச்சைப் புண்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே ஆறினால் விரல்கள் ஒட்டிப்போகும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக வலைத்துணி சுற்றி, விரலிடுக்கில் மடித்த காஜை வைத்து, பெருவிரல் விலகி நிற்கும்படி கட்ட வேண்டும்.

நோயாளிக்கு எந்த நிலை சுகமாக இருக்கிறதோ அந்த நிலையில்தான் மூட்டு சுருங்கி இறுகும். முழங்கையை மடக்கி மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளத் தோன்றும். நீட்டி வைக்க வேண்டும். கழுத்தின் முன்புறம் வெந்திருந்தால் தலையணையை எடுத்துவிட்டு, தோளுக்கடியில் மடித்த துண்டை வைத்துக் கழுத்து நிமிர்ந்திருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். அக்குளில் காயம் என்றால் கையை உடலிலிருந்து விலக்கிப் பக்கவாட்டில் நீட்டி வைக்க வேண்டும். முழங்காலின் பின்புறத்துக்கும் இதே விதிதான். பிசியோதெரபி நிபுணர் சொல்லித்தரும் அசைவுகளைக் கட்டோடேயே, முதல் நாட்களிலிருந்தே செய்ய வேண்டும். புண் ஆறட்டும் என்று காத்திருந்தால், ஆறிய பிறகு அசைக்க மூட்டு இடம்கொடுக்காது.

முகத்தைப் பெரும்பாலும் கட்டுவதில்லை. கழுவி, மருத்துவர் தந்த களிம்பை நாளுக்குச் சில முறை மெல்லிய படலமாகப் பூசினால் போதும்.

கட்டுகளுக்கு இடைப்பட்ட நாட்கள்

முதல் இரண்டு நாள் காயம்பட்ட கையையோ காலையோ இதயத்தைவிட உயரமாகத் தலையணை மேல் வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். டெட்டனஸ் தடுப்பூசி (டிடி ஊசி) போட்டாகிவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். குளிக்கும்போது கட்டு நனையாதபடி பிளாஸ்டிக் பையால் மூட வேண்டும்; அடுப்படியில் அந்தக் கையோடு நிற்கக் கூடாது, பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும்.

சீழ் வைத்துவிடும் என்று சொல்லி முட்டை, மீன், கத்தரிக்காய், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தி, கஞ்சியும் ரொட்டியும் கொடுக்கும் பத்தியம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து இதைக் கைவிடுங்கள். புதுத் தோலைக் கட்ட உடலுக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பால், பருப்பு, சுண்டல், கொய்யா, நெல்லிக்காய் ஆகியவை இந்தக் காலத்தில் வழக்கத்தைவிட அதிகமாகவே தேவைப்படுகின்றன. சர்க்கரை நோயாளிகள் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். புகைப்பவர்கள் புண் ஆறும்வரையாவது நிறுத்த வேண்டும்.

உடனே திரும்பச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

குறைந்துவந்த வலி மீண்டும் கூடுவது, காயத்தைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, துர்நாற்றம், பச்சை நிறக் கசிவு, இளஞ்சிவப்பாக இருந்த இடம் கருமையாவது, காய்ச்சல், நடுக்கம் ஆகியவை கிருமித்தொற்றின் அடையாளங்கள். முதல் நாட்களில் கட்டில் வெளிர்மஞ்சள் நீர் ஊறுவது மட்டும் இயல்பு. அதைச் சீழ் என்று எண்ணிப் பயந்து, கையிருப்பில் உள்ள ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைத் தொடங்கக் கூடாது. குழந்தைகளிடம் இன்னும் கவனம் தேவை: காயம் மிகச் சிறியதாகவும் சுத்தமாகவும் தோன்றினாலும், முதல் சில நாட்களில் கடும் காய்ச்சலோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, உடலெங்கும் தடிப்பு, சோர்வு ஆகியவை வந்தால், அது நச்சு அதிர்ச்சி என்னும் உயிராபத்தான நிலையாக இருக்கலாம். அதைச் சாதாரண வயிற்றுக்கோளாறு என்று விட்டுவிடாமல், தீக்காயம் இருப்பதைச் சொல்லி உடனே அவசரப் பிரிவில் காட்ட வேண்டும்.

இரண்டு வாரம் கழிந்தும் பெரும்பகுதி மூடாத காயத்தை அறுவை மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம். மூன்று வாரத்துக்கு மேல் இழுக்கும் காயம் தடித்த தழும்பாகவே ஆறும் வாய்ப்பு அதிகம்; உரிய நேரத்தில் தோல் ஒட்டு வைத்தால் அதைப் பெருமளவு தவிர்க்கலாம்.

கட்டு தேவையற்றுப்போன பிறகு

புதுத் தோல் மெல்லியது. அதில் எண்ணெய்ச் சுரப்பிகள் சரியாக இயங்குவதில்லை. நாளுக்கு மூன்று நான்கு முறை தேங்காய் எண்ணெயையோ வாசனையற்ற கிரீமையோ பூசி, விரலால் வட்டமாக அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். அரிப்பு கடுமையாக இருக்கும், இரவில் இன்னும் கூடும். சொறிந்தால் புதுத் தோல் கிழியும் என்பதால் நகத்தை ஒட்ட வெட்டி, தேவைப்பட்டால் அரிப்புக்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். ஓராண்டு வரை வெயில் படாமல் துணியால் மூடுவது நல்லது. இல்லையென்றால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துப்போகும்.

தழும்பு தடித்துச் சிவந்து மேலெழத் தொடங்கினால், அளவெடுத்துத் தைத்த அழுத்த உடையும் சிலிக்கோன் தாளும் பரிந்துரைக்கப்படும். அழுத்த உடையைக் குளிக்கும் நேரம், எண்ணெய் பூசும் நேரம் தவிர்த்து நாளுக்கு 23 மணி நேரம், பல மாதங்கள் அணிய வேண்டும். நம் ஊர் வெக்கையில் இது எளிதன்று. மாற்றி அணிய இரண்டு வைத்துக்கொண்டு தினமும் துவைப்பது ஓரளவு உதவும். குழந்தைகளுக்கு உடை சிறுத்துப்போவதால் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாக அளவெடுக்க வேண்டும். குழந்தை வளரும்போது தழும்பு அதே அளவுக்கு நீள்வதில்லை என்பதால், மூட்டின் மேல் காயம்பட்ட குழந்தையை, தழும்பு அடங்கிவிட்டது என்று தோன்றிய பிறகும், வளர்ச்சி முடியும்வரை ஆண்டுதோறும் அறுவை மருத்துவரிடம் காட்டிவர வேண்டும்.